பம்பரின் உள்பக்கம்

கதவோரத்து ஆணியில் நாலு நாளாகக் கார் சாவி இல்லை. அது அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அப்பா தூங்கும்போதுகூட அந்தச் சட்டையைக் கழற்றவில்லை.

குற்றச்சாட்டு இதுதான். ரிவர்ஸ் கியர் போட்டால், பின்னால் ஈ காக்கை இல்லாவிட்டாலும் கார் ஓயாமல் கத்துகிறது. வலது பக்கத்துப் பின் சென்சார் கெட்டுவிட்டது. சும்மா கெடுமா? யாரோ எதிலோ கொண்டுபோய் இடித்திருக்க வேண்டும். வீட்டில் காரை ஓட்டுகிறவர்கள் மூன்று பேர். அப்பாவுக்கு இருபது வருட அனுபவம். அண்ணன் ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் பெயர் வாங்கியவன். மிச்சமிருப்பது லைசென்ஸ் எடுத்து எட்டே மாதமான சின்னவள். எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுவதால் வீட்டில் அவள் பெயர் லிஸ்டு. ஆக, விசாரணை இல்லாமலே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அவளுக்கு அது வெறும் சாவி இல்லை. வேலை முடிந்ததும் மாலை வகுப்பில் இயந்திர வரைபடம் படிக்கிறாள். வகுப்பு முடிகிற நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. இந்த வாரம் இரண்டு வகுப்பு தவறியாயிற்று. மூன்றாவதும் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். மூன்றாவது இன்று மாலை.

இடிக்கவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியுமா? அங்கேதான் உதைத்தது. தரையிலிருந்து ஜீப் மாதிரி உயர்ந்து நின்று, கூரை மட்டும் பின்னால் வழுக்கி இறங்குகிற சின்னக் கார் அது. விளம்பரத்தில் கிராஸ்ஓவர் கூபே என்று போட்டிருந்தார்கள். பார்க்க அழகு. பின்கண்ணாடியில் தெரிவதோ தபால்பெட்டியின் வாய் அளவு உலகம். தெரியாமலே எதையாவது இடித்துத் தொலைத்தோமோ என்று மூன்று ராத்திரி புரண்டு படுத்தாள். நாலாம் நாள் சனிக்கிழமை, வேலை லீவு. மதியம், சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே போய் அப்பா முன்னால் நின்றாள்.

"சாவி வேண்டாம்ப்பா. டிக்கிய மட்டும் திறந்து விடுங்க. பின் பம்பரக் கழட்டிப் பாக்கப் போறேன்."

"கழட்டறதுக்கு அது என்ன குக்கர் மூடியா?" என்றாள் அம்மா. குரலில் கேலியைவிடப் பதற்றம்தான் அதிகம் இருந்தது. அப்பா கீழே வந்து, டிக்கியைத் திறந்துவிட்டு, சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனார்.

கட்டடத்தின் அடித்தளத்தில், தூண்களுக்கு நடுவே, பழைய போர்வையை விரித்தாள். ஒரு பெரிய அட்டையில் பம்பரின் உருவத்தை வரைந்தாள், காருக்குப் பின்னால் நின்று பார்க்கிற மாதிரி. கழற்றுகிற ஒவ்வொரு திருகையும் கிளிப்பையும் அட்டையில் அதனதன் இடத்தில் குத்தி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பின் விளக்குகளைக் கழற்றினாள். சக்கர வளைவுகளில் இருந்த திருகுகளை எடுத்தாள். பிறகு காருக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்து, கீழ் விளிம்பில் இருந்த ஆறு பிளாஸ்டிக் கிளிப்புகளை நெம்பினாள். ஐந்து கறுப்பு. ஒன்று மட்டும் பழுப்பு.

அண்ணன் கையில் காபியோடு வந்து தூணில் சாய்ந்தான்.

"ஏய் லிஸ்டு, கழட்டறதுல பத்துக்கு எட்டுதான் திரும்ப மாட்டும். மிச்சம் ரெண்டையும் உண்டியல்ல போடப் போறியா?"

"பிடிக்க வந்தா வா. இல்லன்னா வெளிச்சத்த மறைக்காத."

அவன் வரவில்லை. அவளே ஒரு ஓரத்தைப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்தாள். ‘டப்’ என்ற சத்தம் அடித்தளம் முழுக்க எதிரொலித்தது. உடைத்துவிட்டோமோ என்று குனிந்து பார்த்தாள். உடையவில்லை. சென்சார் இணைப்பைப் பிடுங்கி, பம்பரை மார்போடு அணைத்துப் போர்வையில் கிடத்தினாள்.

உள்ளே இருந்த இரும்புப் பட்டை வலது ஓரத்தில் உள்வாங்கியிருந்தது. வளைந்த இடம் முழுக்கத் தடித்த துரு. அந்தப் பக்கத்து ஒயரை அறுத்து ஒட்டி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் பிரிந்து, செம்பு பச்சையாகப் பூத்திருந்தது.

"இது எட்டு மாசத் துரு இல்ல," என்றாள். "யாரோ முன்னாடியே திறந்திருக்காங்க. பாரு, கிளிப்பு ஒண்ணு வேற கலர்."

இதற்குள் அப்பாவும் வந்துவிட்டிருந்தார். அண்ணன் அட்டையைத் தூக்கிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அப்பா, நீங்களே பாருங்க. அடி வலது பக்கம். இவ போட்ட படத்துல பழுப்புக் கிளிப்பு இடது கோடியில. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வெயில்ல வெளுத்த கிளிப்ப வச்சுக் கதை கட்டறா."

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். படம் அவள் கையால் போட்டது. இடது என்றுதான் இருந்தது. அப்பா உதட்டைப் பிதுக்கி, திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் இருங்கப்பா."

மறுபடி அடியில் போய் மல்லாந்து படுத்தாள். அட்டையை முகத்துக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். பழுப்புக் கிளிப்பை எடுத்த கை எது? இடது கை. மல்லாந்து கிடப்பவளின் இடது, பின்னால் நிற்பவரின் வலது! கீழிருந்து பார்க்கும் தோற்றம் திரும்பி விழும் என்று மூன்று வாரம் வகுப்பில் கோடு போட்டவள், அடிப்பக்கத்து ஆறையும் இடம் வலம் மாற்றிக் குத்தி வைத்திருக்கிறாள்.

"தப்பு என்னுதுதான்," என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். "படம் மாறிப்போச்சு. அந்தக் கிளிப்பு வலதுதான். தடியா இருக்கு, ஓட்டையப் பெருசாக்கித்தான் மாட்டியிருப்பாங்க. காட்டறேன்."

"விடு லிஸ்டு, போதும்," என்று அண்ணன் வேகமாக முன்னால் வந்தான். அவள் அவனைச் சுற்றிப் போய்ப் பம்பரைப் புரட்டினாள்.

வலது கோடி ஓட்டை கத்தியால் அறுத்து அகலமாக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளை மார்க்கரில் கோணல் எழுத்து. பெயின்ட் கடையில் பத்து பம்பர் ஒன்றாகக் கிடந்தால் குழம்பாமல் இருக்க உள்பக்கம் எழுதி வைப்பார்களே, அது. கார் நம்பரின் கடைசி நாலு எண்கள். ஒரு தேதி, இரண்டு வருடத்துக்கு முந்தையது. கீழே ஒரு போன் நம்பர். அதற்கும் கீழே, ‘அவசரம்’.

அப்பா குனிந்து கண்ணைச் சுருக்கி போன் நம்பரைப் படித்தார். யாருக்கும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மகனின் எண் அவருக்கு மனப்பாடம்.

"நான்..." என்று அண்ணன் ஆரம்பித்தான்.

"நான்தான் சொல்ல வேணாம்னேன்." படிக்கட்டில் அம்மா நின்றிருந்தாள். "பார்க்கிங்ல தூண்ல இடிச்சுட்டு வந்து அழுதான். நீங்க கத்துவீங்கன்னு..."

"அப்ப இந்த நாலு நாளும்?" என்று கேட்டாள் லிஸ்டு. "நான் இல்லன்னு சொல்லிச் சொல்லித் தொண்டை வத்துனப்போ?"

"நீ சமாளிச்சுப்பேன்னு நெனச்சேன்டி."

"சமாளிச்சுட்டேன்ம்மா."

அப்பா சாவியை நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை.

"ஆணியில மாட்டுங்கப்பா. எப்பவும் இருக்கற எடத்துல. நான் வந்து எடுத்துக்கறேன்."

அவர் மூன்று மாடி ஏறிப்போய் மாட்டினார். அவள் பின்னாலேயே ஏறி, முகம் கழுவி, வரைபடச் சுருளோடு ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின் விளக்குகளை மட்டும் திரும்பப் பொருத்தினாள்.

அண்ணன் பம்பர் பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்தான். "நான் பிடிக்கறேன். மாட்டிடலாம் வா."

"நீயே மாட்டு, நான் வந்தப்புறம். படம் இருக்கு. அடிப்பக்கம் மட்டும் இடம் வலம் மாத்திப் படிச்சுக்கோ."

"இப்படியேவா போகப் போற?" அப்பா மூச்சு வாங்க வந்து நின்றார். "பின்பக்கம் எலும்பும் கூடுமா... நாலு பேரு பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும்ப்பா. இது நான் வளைச்சதில்லையே."

ரிவர்ஸ் போட்டாள். கார் கத்தவில்லை. கழுத்தை முழுக்கத் திருப்பி, அந்தத் தபால்பெட்டி வாய் வழியாகப் பார்த்துக்கொண்டே, தூணுக்கு ஒரு சாண் விட்டு வளைத்து வெளியே எடுத்தாள். துருப்பிடித்த பட்டை வெயிலில் செக்கச்செவேலென்று தெரிந்தது. வாசலில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவள் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டாள்.