முழங்காலில் இருந்த உயிர்

நான் சொன்னதில் ஒரே ஒரு வார்த்தைதான் அதிகம். ‘உசுரோட’ என்கிற வார்த்தை. அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கும் நான் என் பாட்டுக்கு, நல்ல பிள்ளை என்ற நினைப்பிலேயே வேலை பார்த்துக்கொண்டிருப்பேன்.

மதுரையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. மூட்டு தேய்ந்தவரின் இடுப்பெலும்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து, பெருக்கி, தேய்ந்த இடம் மறுபடி வளரட்டும் என்று அவருடைய முழங்காலிலேயே வைக்கிறோம். உள்ளே போன செல் அங்கேயே இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே? அதற்காக, வைப்பதற்கு முன்னால் செல்களுக்கு இரும்பு நானோ துகள்களை ஊட்டுவேன். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத துகள்கள். செல்கள் அவற்றை விழுங்கிக்கொள்ளும். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால் இரும்பு இருக்கும் இடம் படத்தில் கருப்பாக விழும். கருப்பு இருந்தால் செல் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த அர்த்தத்தில் ஓர் ஓட்டை உண்டு. செல் செத்தாலும் இரும்பு சாகாது. உடம்பின் துப்புரவு செல்கள் வந்து செத்ததைத் தின்றுவிடும். இரும்பு அவற்றின் வயிற்றுக்குள் போய்விடும். படத்தில் அதே கருப்பு, அதே இடத்தில் தெரியும். எங்கள் தலைவர் அசோக்குமார் சார் முதல் நாளே சொன்னார்: “ஆர்த்திகா, நோயாளிகிட்ட ‘புள்ளி தெரியுது’ன்னு மட்டும் சொல்லும்மா. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்.” இதையெல்லாம் எனக்கா சொல்லித்தர வேண்டும் என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன்.

கண்ணுச்சாமி அண்ணன் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஐம்பத்திரண்டு வயது. தை மாதம் அவருடைய வலது முழங்காலில் செல் வைத்தோம். சித்திரையில் மூன்றாம் மாதப் படம். அன்று சென்னையிலிருந்து பெரிய ஆட்கள் நான்கு பேர் எங்கள் வேலையைப் பார்க்க வந்திருந்தார்கள். திரையில் முழங்கால் வெள்ளையும் சாம்பலுமாகத் தெரிந்தது. நடுவில் புளியங்கொட்டை அளவுக்குக் கருப்பு.

“அது என்ன தாயி?” என்றார் அண்ணன்.

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் நிற்கவில்லை. “இந்தக் கருப்பு அம்புட்டும் உங்க செல்லுதாண்ணே. உசுரோட இருக்கு. வளருது” என்றேன்.

அவர் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் கேட்டாரென்று படத்தை அவருடைய போனுக்கும் அனுப்பினேன்.

அன்றே அவருடைய முழங்கால் நீரில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தகடுகளில் பரப்பி வைத்திருந்தோம். சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இரும்பு யார் வயிற்றில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பார்க்க வேண்டியது நான். படம்தான் அழகாக வந்துவிட்டதே என்று பெட்டியில் போட்டு வைத்தேன். மூன்று மாதம் அது பெட்டியிலேயே கிடந்தது.

ஆடியில் அண்ணனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது என்று போன் வந்த பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். தகடுகளில் நீலச்சாயம் ஏறிய இடமெல்லாம் துப்புரவு செல்கள். வைத்த செல்லில் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு தகடுகளையும் இரண்டு தடவை பார்த்தேன். அசோக்குமார் சார் திட்டவில்லை. “நீ சொன்னதை நீயே போய்த் திருத்திச் சொல்லு” என்றார்.

மறுநாள் அண்ணன் நொண்டிக்கொண்டு வந்தார். கூட அவர் மனைவி மாயக்காள். முழங்காலில் மஞ்சள் துணி, அதற்குள் வேப்பிலை. இது எதற்கு என்று கேட்டேன்.

“உசுரு வளருற காலுல்ல தாயி” என்றார் மாயக்காள். “நீங்க சொன்ன நாளு முதக்கொண்டு பிள்ளைத்தாச்சியப் பாக்குற மாதிரியில்ல பாக்குறேன். மூட்டை தூக்க விடல. எழவு வீட்டுப் பக்கம் விடல. வைகாசியில இவுக அக்கா முத்துத்தாயி செத்துப்போனாக. பேரையூர்ப் பக்கம். கூடப்பிறந்தது இவுக ஒருத்தருதான். ஆனாலும் நான் போக விடலயே! பிள்ளைத்தாச்சி எழவு வீட்டுக்குப் போவாளா?”

எங்கள் ஊர் மேலூர். பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடியை, அந்தப் புதுச்சேலையை, கூடப்பிறந்தவன் கையால் போர்த்தித்தான் எடுப்பார்கள். அது எனக்குத் தெரியாததல்ல.

“கோடிச்சேலை எடுத்து ஆளுகிட்டக் குடுத்துவிட்டோம்” என்றார் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு. “அக்கா மகன் ஜெயபாண்டி, எம் மருமகன், திருப்பி அனுப்பிட்டான். ஆளு வராத கோடி எங்க ஆத்தாளுக்கு வேணாம்னுட்டான். சேலை வீட்டுலதான் கெடக்கு. போகட்டும். இது நல்லா இருக்குல்ல தாயி?”

ஒரு நிமிடம் பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். புள்ளி தெரிகிறது என்று சொன்னால் பொய்கூட இல்லை.

“இல்லண்ணே. செல்லு செத்துப்போச்சு. கருப்பாத் தெரியுறது வெறும் இரும்பு. நான் பாக்காமலே உசுரோட இருக்குன்னு சொல்லிட்டேன்.”

மாயக்காள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அண்ணன் முழங்காலைத் தடவினார்.

“எப்பத் தாயி செத்துச்சு? எங்க அக்காவுக்கு முன்னயா, பின்னயா?”

“முன்னயே. நான் படம் காட்டுன அன்னைக்கே அது உசுரோட இல்லண்ணே.”

“அப்பப் போயிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான்.

அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலாம். அதற்குப் பதிலாக, எழுந்து கதவு வரை போனவர் திரும்பி வந்து, “மருமகன்கிட்ட நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுவீகளா? நான் சொன்னா நம்ப மாட்டான். படிச்சவுக சொன்னா கேப்பான்” என்றார். படித்தவளாம். எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் போய் பஸ் மாறினோம். கோடிச்சேலையை ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் வைத்து மடியில் வைத்திருந்தார் அண்ணன். துப்புரவு செல், இரும்பு, நீலச்சாயம் என்று எல்லாவற்றையும் எப்படி விளக்குவது என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஊர் வந்ததும் அண்ணன் நிறுத்தத்தை விட்டு நகரவில்லை. “நீங்க போயிட்டு வாங்க. எனக்கு அந்தத் தெருவுல கால் வைக்கக் கூசுது” என்றார். கூச வேண்டியவள் நான்.

ஜெயபாண்டிக்கு என் வயதுதான் இருக்கும். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னேன். ஒத்திகை பார்த்ததில் பாதியைக்கூட அவர் கேட்கவில்லை.

“அதெல்லாம் எனக்கு வெளங்காதுங்க. உசுரு இருக்குன்னு எங்க மாமாகிட்டச் சொன்னது யாரு?”

“நான்தான்.”

“தெரிஞ்சு சொன்னீகளா, தெரியாமச் சொன்னீகளா?”

“தெரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடி சொன்னேன். நாலு பேரு பாக்குறாகன்னு சொன்னேன்.”

அவர் துணியை வண்டி மேல் போட்டார். அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்வதென்று நின்றேன். “மாமா எங்க?” என்றார். பஸ் நிறுத்தத்தில் என்றேன்.

“அந்தக் காலை வச்சுக்கிட்டு வெயில்லயா நிக்காரு?” என்று கத்திக்கொண்டே வண்டியை எடுத்துப் போய்விட்டார். போகிற போக்கில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் உட்காரவில்லை. திறந்த கதவு வழியாகச் சுவரில் முத்துத்தாயின் படம் தெரிந்தது, மாலையோடு. அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. வண்டிச் சத்தம் திரும்பி வரும்வரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.