சம்பந்தியம்மாவுக்குத் தனிப் பந்தி

"கஞ்சிதான் ஊத்துவேன்! ஊரே கறிச்சோறு திங்கட்டும், அந்தம்மா எலையில ஒரு எலும்புத்துண்டுகூட விழக்கூடாது!"

"சம்பந்தின்னு ஒரு மரியாத வேணாமாடி? நம்ம நர்மதா அந்த வூட்லதான இருக்கா?"

"அந்த மரியாதய அன்னைக்கு அவுங்க பாத்தாங்களா? நீங்க சும்மா இருங்க!"

கிருஷ்ணம்மாளின் குரல் விக்கிரமங்கலத்தில் அந்தத் தெருவுக்கே கேட்டது. அவள் புருஷன் ஆண்டவர் சும்மா இருந்தார். அது அவருக்கு நன்றாக வரும்.

கிருஷ்ணம்மாளின் கோபம் இன்று நேற்று வந்ததல்ல. மூத்தவள் நர்மதாவைப் பெரம்பலூரில் கொடுத்தபோது, மறுவீட்டு விருந்துக்குத் தன் கையாலேயே மசாலா அரைத்து ஆட்டுக்கறி ஆக்கினாள். மாப்பிள்ளையின் அம்மா ஜானகி குழம்பை எட்டிப் பார்த்தாள். "இவ்ளோ எண்ணெய எங்க வூட்ல வெளக்குக்குத்தான் ஊத்துவோம். நாங்கல்லாம் லைட்டா சாப்புடுறவங்க" என்று சொல்லி, ஒரு பருக்கை தொடாமல் இலையை மூடினாள். பந்தியில் இருந்த சொந்தமெல்லாம் சிரித்தது.

அதே சொந்தம் ஜானகியைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதற்காகத்தான் குலசாமிக்கு இந்தக் கிடாவெட்டே என்று தெருவில் பேச்சு. சாமிக்கும் தெரிந்திருக்கும்.

சித்திரை வெயில். கோயிலில் மைக், கிருஷ்ணம்மாளின் தம்பி அரியமுத்து கையில். அக்கா சொல்லிக்கொடுத்ததை அப்படியே முழங்கினான்: "பெரம்பலூர் சம்பந்தியம்மாவுக்கு நம்ம வூட்டு கறிச்சோறு ஒத்துக்காதுங்க! அவுங்களுக்கு மட்டும் வரகரிசிக் கஞ்சியும் அவிச்ச சொரக்காயும் வேப்பமரத்தடியில இருக்குதுங்க!"

ஜானகியின் முகம் சுண்டியது. கிருஷ்ணம்மாளுக்கு வயிறு குளிர்ந்தது. குடித்து மாளட்டும் என்று ஒரு ஆளுக்கு ஒரு அண்டாவே காய்ச்சி வைத்திருந்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. சுகர்காரப் பெரியப்பா ஒருவர் எழுந்தார். "ஏம்மா, அந்தக் கஞ்சி எனக்கும் உண்டா?" அவர் பின்னாலேயே பித்தப்பை ஆபரேஷன் செய்த சித்தி. அப்புறம் பிரஷர், அல்சர், வெயில் தாங்காதவர்கள். கறிப் பந்தியில் பாதி இலை காலி. வேப்பமரத்தடியில் ஜானகி நடுநாயகமாக உட்கார்ந்திருக்க, கிருஷ்ணம்மாளின் இளைய மகள் ஆர்த்தி கஞ்சி ஊற்றினாள். ஜானகியின் சின்ன மகன் தமிழழகன், யாரும் சொல்லாமலே, துவையல் வைத்துக்கொண்டு அவள் பின்னால் போனான்.

கடைசியில் ஆண்டவரும் சொம்போடு நின்றார்.

"ஏங்க, நீங்களுமா?"

"நெஞ்சு எரியுதுடி."

இப்போது சொந்தமெல்லாம் சிரித்தது. கிருஷ்ணம்மாளைப் பார்த்து.

ஜானகி மைக்கை வாங்கினாள். "எனக்காகப் பாத்துப் பாத்து செஞ்சிருக்கீங்க சம்பந்தி. ஒங்க ஆர்த்தியையும் எங்க தமிழழகனுக்கே குடுத்துருங்க." அது நன்றியா, குத்தலா என்று தெருவில் இன்றுவரை இரண்டு கட்சி. ஆண்டவர் வாயில் கஞ்சியோடு தலையாட்டிவிட்டார்.

ஆவணியில் கல்யாணம். மறுவீட்டு விருந்தில் விரல் உயரத்துக்கு எண்ணெய் மிதக்கக் கறி ஆக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள் கிருஷ்ணம்மாள். சம்பந்தியம்மா காரிலிருந்து தூக்குவாளியோடு இறங்கினாள். உள்ளே கஞ்சி.

ஆர்த்தி இப்போது பெரம்பலூரில் அக்காவுக்கே ஓரகத்தி.