துண்டு போட்ட இடம்

வேலூரிலிருந்து மறுபடியும் போன் வந்தபோது சந்திரகலாவின் வலது கை முழங்கை வரைக்கும் இட்லி மாவில் இருந்தது. மாவு வாங்கத் தூக்குவாளியோடு வாசலில் நின்ற எதிர்வீட்டு ராணியம்மாள், "யாரு, ஆஸ்பத்திரியா?" என்றாள். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் அந்தத் தெருவில் எந்த வீட்டில் போன் அடித்தாலும் கூப்பிடுவது யார் என்று ராணியம்மாளுக்கு ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலும் தப்பாது. சந்திரகலா இடது கையால் போனைக் கவிழ்த்து வைத்து, "லோன் வேணுமான்னு கேக்கறவங்க" என்றாள். ராணியம்மாள் நம்பவில்லை, நம்பாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. மாவை வாங்கிக்கொண்டு, வந்த காரியத்தைக் கவனித்தாள். அதாவது கழுத்தை நீட்டி, முன்னறைக் கட்டிலில் கிடந்த சின்னசாமியின் காலைப் பார்த்தாள்.

சந்திரகலாவின் வீட்டுக்காரனுடைய அந்தக் கால் தெருவுக்கே ஒரு சந்நிதி மாதிரி ஆகிவிட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே தோலைத் துளைத்து நிற்கும் கம்பிகள், அவற்றை வெளியே பிடித்து நிறுத்த ஒரு சட்டம். கும்பாபிஷேகத்துக்குச் சாரம் கட்டிய கோபுரம் போலிருக்கும். இட்லி பிடிக்காதவர்கள்கூட மாவு வாங்க வந்தார்கள். உள்ளே நாலு விரல் அகலத்துக்கு எலும்பே கிடையாது. சீழ் பிடித்துச் செத்துப்போன எலும்பை வேலூரில் வெட்டி எடுத்துவிட்டு, காலியிடத்தில் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள்.

டாக்டர் அருணாதேவி பொறுமையாகத்தான் சொன்னார். "வீடு கட்டற சிமெண்ட் இல்லம்மா, எலும்புக்குன்னே வர்றது. ஆன்டிபயாடிக் கலந்து பிசைஞ்சி வெச்சிருக்கோம். மருந்து உள்ளுக்குள்ளயே கசிஞ்சி கிருமிய அடக்கும். ஆனா இது எலும்பு ஆயிடாது. இதைச் சுத்தி உடம்பே மெல்லிசா ஒரு தோலை உண்டாக்கும். ஆறு வாரம் கழிச்சி வாங்க. சிமெண்ட எடுத்துட்டு, அந்தத் தோலுக்குள்ள இவரோட இடுப்பெலும்பையே கொஞ்சம் எடுத்து நெரப்பிடுவோம். அது வளந்து கூடிக்கும்."

இதைச் சந்திரகலா தெருவில் ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு ராணியம்மாள்தான் எல்லோருக்கும் விளக்கினாள். "பஸ்ஸு ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிப்போமில்ல, அந்த மாதிரி. ஆளு வர்ற வரைக்கும் துண்டு ஒக்காந்திருக்கும். ஆளு வரலன்னா எடம் போயிடும்." அவள் மருமகள் பொன்னி மட்டும், "சிமெண்ட்டுன்னா தண்ணி ஊத்தணுமே அத்தே" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சின்னசாமி வைத்திருந்தது ஜெராக்ஸ் கடை. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களின் பாஸ்போர்ட்டை நகலெடுத்துக் கொடுத்துக் கொடுத்து, அவர்கள் தேடி வந்தது என்னவோ அது தனக்கும் வேண்டும் என்று ஒருநாள் தோன்றிவிட்டது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போனவன் தினமும் போக ஆரம்பித்தான். செருப்பை விட்டான். ராத்திரிச் சாப்பாட்டை விட்டான். மலையைச் சுற்றும் பாதையில் சாமியார்களோடு உட்கார்ந்துவிட்டு விடிந்த பிறகு வந்தான். கடைசியாக செல்போனைத் துறந்து மச்சான் கையில் கொடுத்தான். "பேரே சின்னசாமி. சும்மா விடுமா?" என்றது தெரு. சித்திரை பிறந்ததும் கிளம்பிவிடுவதாக வீட்டில் சொன்னான். எங்கே என்று சந்திரகலா கேட்டதற்கு மலையைக் காட்டினான். மலை அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலிலேயே தெரிகிறது. அதற்குப் போய் எதற்குக் கிளம்ப வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை. சன்னதித் தெருவில் வாங்கிய காவி வேட்டி ஒன்று, விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல், பீரோவில் அவளுடைய கூறைப்புடவைக்குப் பின்னால் இருந்தது. பங்குனியில், கிரிவலப் பாதையில் ஒரு பைக் அவனை அடித்துத் தள்ளியது. அண்ணாமலையார் காலைப் பிடிக்கப் போனான், அவர் இவன் காலைப் பிடித்துக்கொண்டார் என்று தெரு தீர்ப்புச் சொல்லி முடித்தது. முதல் ஆபரேஷன், சீழ், அப்புறம் வேலூர்.

இதில் தெருவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஆறு வாரம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டபோது, சந்திரகலா யோசிக்கவே இல்லை. "பௌர்ணமிம்மா. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க. கட்டில்ல கெடக்கறவர எப்படிக் கூட்டியார்றது?" என்றாள். திருவண்ணாமலையில் கல்யாணம், காதுகுத்து, கோர்ட்டு வாய்தா எல்லாமே பௌர்ணமிக்காகத் தள்ளிப்போகும். அந்தப் பெண்ணும் சரிங்க என்று வைத்துவிட்டாள். சொன்ன பிறகு சந்திரகலா தன்னையே கொஞ்சம் பார்த்துக்கொண்டாள். பயம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அழுகையாவது வருமா என்று பார்த்தாள். கொட்டாவிதான் வந்தது. கால் கூடிவிட்டால் அந்தக் கால் எந்தப் பக்கம் நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இப்போது அது கட்டிலில் இருந்தது. வேளாவேளைக்குச் சாப்பிட்டது. ராத்திரிச் சாப்பாட்டைத் துறந்தவன் வத்தக்குழம்புக்கு இரண்டாம் தரம் தட்டை நீட்டினான், கிரிக்கெட் பார்த்தான், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மலை இருந்தது.

ராணியம்மாள் போன பிறகு வேலூர் போன் மூன்றாவது முறை அடித்தது. இந்தத் தடவை டாக்டரே.

"இன்னாம்மா நெனச்சிட்டிருக்கீங்க? எட்டு வாரம் ஆயிடுச்சி. நாள் ஜாஸ்தியாக ஆக அந்தத் தோல்ல எலும்ப வளக்கற வேகம் கம்மியாயிடும். அப்புறம் எலும்பு வெச்சாலும் புடிக்காது. மறுபடியும் சீழ் வந்துச்சின்னா கால வெச்சிருக்க முடியுமான்னு என்னால சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை காலையில ஆபரேஷன். வியாழக்கிழமையே வந்து சேந்துடுங்க."

"சரிங்க டாக்டர்."

அவள் கையிலிருந்த மாவு காய்ந்து தோலை இழுத்தது. முன்னறைக்குப் போனாள். டிவியில் யாரோ அவுட்டாகிக்கொண்டிருந்தான். சின்னசாமி அவளைப் பார்க்காமலே, "வேலூரா?" என்றான்.

"ம்."

"போன தடவ பௌர்ணமின்னு சொன்னியே."

அவள் கையில் காய்ந்த மாவைச் சுரண்டினாள்.

"அன்னிக்கி அமாவாசைக்கு மறுநாள்" என்றான். "ஊருல யாருக்கு வேணா தெரியாம இருக்கும், சந்திரா. எனக்குமா தெரியாது?"

கோபமாகச் சொல்லவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். அவள் கம்பிகளைப் பார்த்தாள். தோலில் நுழையும் இடங்களில் பஞ்சு மாற்ற வேண்டியிருந்தது. கையைக் கழுவி, பஞ்சை எடுத்து வந்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கேட்க வேண்டாம் என்று நினைத்தும் கேட்டுவிட்டாள்.

"தெரிஞ்சும் ஏங்க ஒண்ணும் கேக்கல?"

அவன் ரிமோட்டைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது. "மத்தியானக் கொழம்பு மீதி இருக்கா?" என்றான்.

இருந்தது. போட்டாள். அவன் தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு போனை எடுத்து, முனை வீட்டில் கார் வைத்திருக்கும் கோபியைக் கூப்பிட்டாள்.

வியாழக்கிழமை நிஜமாகவே பௌர்ணமி. கோபி தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, ஊரே உள்ள வருது, நீங்க வெளிய போவணுங்கறீங்க. விடியறதுக்குள்ள கெளம்பியிருக்கலாம் இல்ல?" வழியனுப்ப வந்த ராணியம்மாள் கார் கண்ணாடிக்குள் தலையை விட்டு, "நல்லபடியா நடந்து வாங்கண்ணே" என்றாள். சின்னசாமி தலையாட்டினான். பின் இருக்கையில் அவனைக் குறுக்கே சாய்த்து, காலைச் சந்திரகலா மடியில் வாங்கிக்கொண்டாள். கம்பி உறுத்தாமல் இருக்க ஏதாவது வேண்டியிருந்தது. பீரோவிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து வந்திருந்தாள். காவி வேட்டி. நாலாக மடித்துக் காலுக்கு அடியில் வைத்தாள். விலைச் சீட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தான்.

கிரிவலப் பாதையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கோபி இறங்கிப் போய் ஆஸ்பத்திரி, ஆபரேஷன் என்று கும்பிட்டுச் சொன்னான். "கூட்டம் கொஞ்சம் விடட்டும்பா, தடுப்ப எடுக்கறேன்" என்றார் அவர். கோபி திரும்பி வந்து இன்ஜினை அணைத்தான். காரின் முன்னாலும் ஓரத்திலும் ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். சின்னசாமி சாய்ந்திருந்த வாக்கில் அவனுக்கு முகங்கள் தெரிந்திருக்காது, தலைகளும் வானமும்தான். சந்திரகலா குனிந்து உட்கார்ந்திருந்தாள். காற்றுக்காகத் திறந்து வைத்த கதவின் வழியே அவளுக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. செருப்பில்லாத கால்கள். வெடித்த குதிகால்கள், மருதாணி வைத்தவை, மெட்டி போட்டவை, பிளாஸ்திரி ஒட்டியவை. எதுவும் நிற்கவில்லை.

அவள் உள்ளங்கையைக் கம்பிகளுக்கு நடுவே, தையல் போட்ட இடத்தில் வைத்திருந்தாள். அடியில் அந்தச் சிமெண்ட் இருந்தது. கீறியதிலிருந்து அந்த இடத்துத் தோலுக்கு உணர்ச்சி கிடையாது. கூட்டத்தில் யாரோ அரோகரா என்றார்கள். ஊரே திருப்பிச் சொன்னது. சின்னசாமியின் உதடு சொல்லப் போய், பாதியில் நின்றது.

"சந்திரா" என்றான் கூரையைப் பார்த்தபடி. "கைய எடுத்துட்டியா?"

கை அங்கேயேதான் இருந்தது. கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். அவன் இன்னும் பதிலுக்காகக் காத்திருந்தான். கதவுக்கு வெளியே கால்கள் போய்க்கொண்டிருந்தன.