ஊசிநூல் டப்பாவில் ஒரு ரோட்டர்

1

தூக்கம் கெட்டதால் பிறந்த கதை இது. எதிர்வீட்டுப் பழைய பிக்கப் ஒருநாள் விடிகாலையில் செல்ப் அடித்துக்கொண்டே இருந்தது, கிளம்பவே இல்லை. கடுப்பில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: 'இருளைக் கிழித்துக்கொண்டு அந்த எந்திரம் ஓலமிட்...'

வேண்டாம். வண்டி கிளம்பவில்லை, அவ்வளவுதான்.

(எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கீழே வரும் புருஷன் பெண்டாட்டி இருவரும் என் கைச்சரக்கு.)

2

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றுவது அவர் தொழில். போன வாரம் ஓட்டும்போதே கண் இருட்டி, வண்டியைச் சுவரில் உரசி நிறுத்தினார். டாக்டரிடம் போகலாம் என்று மனைவி கெஞ்சியதற்கு, வெயில்தான் காரணம் என்று முடித்துவிட்டார். இன்றைக்கும் ஒரு லோடு ஒத்துக்கொண்டிருந்தார்.

பானட்டைத் திறந்து அவர் குனிந்திருக்க, அவர் சொல்லும்போதெல்லாம் அவள் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினாள். ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இஞ்சின்மேல் வைத்துப் பார்த்தார். பொறி இல்லை. அடுத்து, பொறிக்கான கரண்டை உண்டாக்கும் காயிலிலிருந்து வரும் வயரை உருவி முனையை இஞ்சினுக்கு அருகே பிடித்தார்.

"காயில்ல பொறி பளிச்சுனு வருது. அது மேல தப்பில்ல."

அப்படியென்றால் கோளாறு இரண்டுக்கும் நடுவே, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள். அங்கே சுழன்றபடி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பங்கு வைக்கும் சின்னத் துண்டுக்கு ரோட்டர் என்று பெயர்.

3

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. சாவி திருகுவதற்கென்றே கூட்டிவந்த பாத்திரம். மூடியில் அவர் கை வைத்ததும் ஏன் அவளுக்கு வியர்க்க வேண்டும்?

ஒரு காலத்தில் அந்தத் தெருவில் வண்டித் திருட்டு அதிகம். ரோட்டர் இல்லாமல் வண்டி கிளம்பாது. அதனால் தினமும் அதைக் கழற்றி ஊசிநூல் டப்பாவில் போட்டுவைப்பது அவள் வேலையாக இருந்தது. (இதை முன்பே சொல்லியிருந்தால் நீங்கள் உஷாராகியிருப்பீர்கள்.) நேற்று அவர் அசந்து தூங்கும்போது அந்தப் பழைய வேலையை மறுபடி பார்த்திருக்கிறாள்.

4

மூடியைத் திறந்தார். ரோட்டர் இல்லை. அது எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

முடிவு ஒன்று: அவர் சத்தம் போட, அவள் அழ... இது அவர்களைப் போலவே இல்லை.

முடிவு இரண்டு: டப்பாவிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு லோடுக்குக் கிளம்புகிறார். வளைவில் மறுபடி கண் இருட்டி... மாட்டேன். இதற்குள் இருவர்மேலும் எனக்குப் பாசம் வந்துவிட்டது.

அவரோ என்னைக் கேட்கவே இல்லை. கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடியைப் பொருத்தி, கிளிப்பை அழுத்தி, கையைத் துடைத்துக்கொண்டார். லோடுக்காரருக்குப் போன் போட்டு வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"காயில் போயிடுச்சு," என்றார் அவளிடம். "ரெண்டு நாளாவது ஆகும்."

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அவரையே பார்த்தாள்.

"அப்ப சும்மாதானே இருக்கீங்க. டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்."

"வண்டியில்லாம எப்படிப் போறது?"

"நடந்துதான். நானும் கூட வரேன்ல."

5

இருவரும் தெருமுனையைத் தாண்டிவிட்டார்கள். டாக்டர் என்ன சொல்வார் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஊசிநூல் டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, உங்களுக்கும் எட்டும். அவர்கள் திரும்பி வரும்போது இரண்டு முகத்தையும் நன்றாகப் பார்த்துவிட்டு, ரோட்டரை எடுத்துக் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கொடுத்தால் நாளை விடிகாலையில் வண்டி கிளம்பும் சத்தத்தில் எனக்குத் தூக்கம் கெடும்.

கெடட்டும்.