நிலாவில் ஒரு டைப் ஃபோர்

டெல்லி ஆர்.கே.புரத்து அரசாங்கக் குடியிருப்பில் ஒருவர் யார் என்று தெரிந்துகொள்ள அவரைப் பார்க்க வேண்டியதில்லை, வீட்டைப் பார்த்தால் போதும். டைப் டூ என்றால் குமாஸ்தா, டைப் ஃபோர் என்றால் அதிகாரி. ஜோதிலிங்கம் டைப் டூ. கல்யாணமான நாளாய்ப் பெரிய வீட்டுக்கு மனுப் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தவர். தொண்ணூற்றாறாம் வருஷம் மனிதர் பூமியை நம்புவதையே விட்டுவிட்டார்.

கப்பலில் வேலை பார்த்த மச்சினன் ஷங்கர் லீவில் வரும்போதெல்லாம் ஒரு பெட்டி கொண்டுவருவான். உள்ளே ஒன்றோடொன்று பொருத்துகிற பிளாஸ்டிக் கட்டைகள். முதலில் ராக்கெட், பிறகு நிலா வண்டி, இந்த முறை ஒரு முழு நிலாக் குடியிருப்பு. ஜோதிலிங்கம் அதைச் சாப்பாட்டு மேஜையில் கட்டி முடித்தார். அன்றிலிருந்து குடும்பம் தரையில் சாப்பிட்டது. குடியிருப்பின் நடுவே, எல்லாவற்றுக்கும் உயரத்தில், கண்ணாடி மூடி போட்ட ஒரு வீடு. சுண்டுவிரல் உயரப் பொம்மை ஒன்றுக்குத் தன் பெயரை வைத்து அதில் உட்காரவைத்தார். அன்றிரவு அவர் தூங்கிய தூக்கத்தை எந்த அதிகாரியும் தூங்கியிருக்க மாட்டார்.

சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை வரைதான். அவருடைய அதிகாரி சேஷன், மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார்.

"நன்னாருக்கேய்யா! அந்த மேல் வீட்டுல யாரு?"

"நான்தாங்க சார்."

"அச்சா." சேஷனின் முகம் சுண்டிவிட்டது. "அப்போ நான் எங்கே இருக்கேன்?"

இல்லவே இல்லை என்று சொல்ல ஜோதிலிங்கத்துக்கு நா எழவில்லை. தன் பொம்மையைக் கழற்றி வெளியே நிலா மண்ணில் நிறுத்தினார். வேறொன்றை உள்ளே வைத்தார். "இது நீங்க சார்."

விஷயம் காலனி முழுக்கப் பரவியது. அடுத்த வீட்டு விசாலாக்ஷி தரைத்தளம் கேட்டாள், அங்கே தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்றும் விசாரித்தாள். வர்மா ஸ்கூட்டர் நிறுத்த இடம் கேட்டார். ஜோதிலிங்கம் எல்லாருக்கும் ஒதுக்கிக் கொடுத்தார்.

"கட்டுனது நீங்க, மூச்சுக் காத்துகூட இல்லாம வெளிய நிக்கிறதும் நீங்க," என்றாள் மனைவி அம்சவேணி. "வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. தினமும் ஆபீசுக்குக் கிளம்பும்போது அந்தப் பொம்மையின் முகத்தைப் பார்க்காமலே போனார்.

"சேஷன் சார் ரிட்டயர் ஆகட்டும், அம்சா. ரூல்படி காலி பண்ணித்தானே ஆகணும்?"

சேஷன் ரிட்டயர் ஆனார். பிரிவு உபசார மாலையோடு நேரே வந்து, தன் பொம்மையைத் தானே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் தெருமுனை தாண்டுகிற வரைகூட ஜோதிலிங்கம் பொறுக்கவில்லை. அன்றே குடியேறிவிட்டார்.

அடுத்த ஞாயிறு மணி அடித்தது. வாசலில் புது அதிகாரி கதிரவன், மனைவியோடு.

"சேஷன் சார் சொன்னாரு. நிலாவுல அவர் வீடு காலியா இருக்காமே? பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

அந்தம்மா அதற்குள் மேஜையருகே குனிந்து, திரைச்சீலைக்கு விரலால் அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜோதிலிங்கத்தின் கை, பழக்க தோஷம், தானாகப் போய் மூடியைத் திறந்தது. உள்ளே அவர் பொம்மைக்குப் பக்கத்தில் இன்னொரு பொம்மை உட்கார்ந்திருந்தது. அதன் ஹெல்மெட்டில் குங்குமம்.

அம்சவேணி இரண்டு டம்ளரோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"அது காலி இல்லீங்க சார். காலைலதான் பால் காய்ச்சுனேன். இந்தாங்க, சீனி போட்டுருக்கு, குடிங்க."

பால் காய்ச்சிக் குடியேறிய வீட்டை எந்தத் தமிழன் காலி பண்ணச் சொல்வான்? கதிரவன் மனைவியைப் பார்த்தார், பாலைப் பார்த்தார், வாங்கிக் குடித்தார்.

ஜோதிலிங்கம் மூடியை மெல்லச் சாத்தினார். கண்ணில் நீர் முட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாக வீட்டுக்காரர் குரலில் சொன்னார்:

"கீழ ஏதாச்சும் காலியானா சொல்லி அனுப்புறேன் சார்."