தங்கையின் வார்டில் ஒரு மாணவி

பெரியவளுக்கு நாற்பத்தொரு வயது. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். சின்னவள் அவளுக்குப் பன்னிரண்டு வயது இளையவள். பெரிய மருத்துவமனை ஒன்றில் ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ்.

அம்மா கண்ணை மூடியபோது சின்னவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். பெரியவளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்து, விடுதிக்குக் கொண்டுபோகத் துணிமணிகூட எடுத்து வைத்தாகிவிட்டது. எடுத்து வைத்ததையெல்லாம் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டு, கிடைத்த வேலைகளைப் பார்த்து, பிறகு கனரக வண்டி உரிமம் வாங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்தவள் பிடித்தவள்தான். அவள் விட்ட படிப்பைச் சின்னவள் படித்தாள். இதைத் தியாகம் என்று யாராவது ஆரம்பித்தால், "சும்மா இருங்க, எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும்" என்று பெரியவள் பேச்சை வெட்டிவிடுவாள். அது பொய்யும் அல்ல.

ஆனாலும் அந்த ஆசை மனதில் எங்கோ ஒரு மூலையில் கிடந்திருக்கிறது. அதைக் கிளறிவிட்டது அவள் ஓட்டிய பேருந்துதான். ஒரு நாள் டிப்போவில் வண்டியைக் கழுவ விட்டுவிட்டுப் பின்பக்கமாகச் சுற்றி வந்தபோது, அதன் முதுகில் ஒட்டியிருந்த பல்கலைக்கழக விளம்பரம் கண்ணில் பட்டது. வேலையை விடாமலே செவிலியர் பட்டம் படிக்கலாம், பாடம் வீட்டிலிருந்தே, பயிற்சி உங்களுக்குத் தோதான நாட்களில். எழுத்தெல்லாம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. மாதக்கணக்கில் அதை ஊர் முழுக்கச் சுமந்து திரிந்தவள் அவள். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் படித்தாகிவிட்டது. அவள் ஒருத்திதான் பாக்கி.

வீட்டில் போய்ச் சொன்னாள். அவள் கணவர் தையல்காரர். முன்னறைதான் அவருடைய கடை. ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"படி. ஆனா பாடத்தைச் சத்தமா வை. எனக்கும் பொழுது போகும்."

அதன் பிறகு அந்த முன்னறையில் பாட்டுக்குப் பதில் போனில் பாடம் ஓடியது. இதயத்துக்கு எத்தனை வால்வு, நுரையீரலுக்கு எத்தனை மடல் என்று அவள் தடுமாறும்போது, தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து பதில் வரும். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடம், "கணுக்கால் ஏன் இப்படி வீங்கியிருக்கு? டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லும் அளவுக்கு அவர் முற்றிவிட்டார். "பரிட்சைக்கு நீங்களே போயிட்டு வந்துடுங்க" என்பாள் பெரியவள்.

முதல் வருடம் அப்படி ஓடியது. பாடத்தை அவள் நேரத்துக்கு வளைக்க முடிந்தது. வண்டி கிளம்பக் காத்திருக்கும் இடைவெளியில்கூடக் காதில் மாட்டிக் கேட்டுவிடலாம். ஆனால் நோயாளி வளைந்து கொடுப்பாரா? பயிற்சி என்று வந்ததும் மருத்துவமனை சொன்ன இடம், மருத்துவமனை சொன்ன நேரம். மிச்சமிருந்த லீவையெல்லாம் அதற்கே எடுத்துக்கொண்டாள். பல்கலைக்கழகம் அவளுக்கு ஒதுக்கிய இடம் சின்னவளின் வார்டு. மதிப்பெண் போடுவது வேறொரு மூத்த நர்ஸ் என்பதால் உறவு ஒரு தடையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் நாளே மானம் போயிற்று. பெரியவள் கையில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு, வார்டின் நடுவில் நின்று, "பாப்பா, இதை எங்க வைக்கணும்?" என்று கேட்டாள். மூன்று கட்டில்களில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சின்னவளின் காது சிவந்துவிட்டது. அறைக்குள் கூப்பிட்டு, "அக்கா, இங்க மட்டும் என்னை சிஸ்டர்னு கூப்பிடேன்" என்று கெஞ்சினாள்.

"அப்ப நான் யாரு? நானும் உனக்கு சிஸ்டர்தானே?"

"வீட்டுக்குப் போய்ச் சிரிச்சுக்கலாம். இப்ப போ."

போனாள். வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. படுக்கை விரிப்பது, நாடி பார்ப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது என்று எதற்கும் முகம் சுளிக்கவில்லை. கைக்கு வேகம் இருந்தது. அந்த வேகம்தான் அவளைக் கவிழ்த்தது.

ஒரு காலை, மூத்த நர்ஸும் அவளும் மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் ஜன்னல் ஓரக் கட்டிலில் பார்த்திருந்தவருக்கு ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை. மூத்த நர்ஸ் அதைக் குட்டிக் கிண்ணத்தில் எடுத்து வைத்த நேரத்தில் போன் அழைப்பு வந்தது. "கொஞ்சம் இரு, வந்துடறேன்" என்று போனார். பெரியவள் இருக்கவில்லை. ஜன்னல் ஓரத்து ஆளைத்தான் இரண்டு நாளாகப் பார்க்கிறோமே என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் முகம் வரை போர்த்திச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "ஐயா, மாத்திரை" என்றதும் தூக்கக் கலக்கத்தில் கையை மட்டும் நீட்டினார். அவள் கிண்ணத்தை அந்தக் கையில் வைத்தாள். பெயரைக் கேட்கவில்லை, மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைப் பார்க்கவில்லை.

முந்தின நாள் மாலை, அவள் வீட்டுக்குப் போன பிறகு, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று ஜன்னல் ஓரத்துக்காரர் கட்டில் மாறியிருந்தார். இப்போது அங்கே படுத்திருந்தவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் தரைக்கு இறங்கியிருந்தது.

மாத்திரை வாய்க்குப் போகுமுன் ஒரு கை வந்து கிண்ணத்தை மூடியது. சின்னவளின் கை.

"ஐயா, ஒரு நிமிஷம். இது உங்களுக்கு இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். அக்காவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் திரும்பவும் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் இருந்த பெயரைப் பெரியவள் அப்போதுதான் படித்தாள்.

பகல் வேலை முடிந்து உடை மாற்றும் அறையில் சின்னவள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இதை நான் மேல சொல்லியாகணும்."

"எதுக்கு? நீதான் தடுத்துட்டியே. ஒண்ணும் ஆகலையே."

"ஆகலைங்கறதுக்காக விட முடியாது. வேற பொண்ணு இப்படிச் செஞ்சிருந்தா நான் விட்டிருப்பேனா?"

"வேற பொண்ணும் நானும் ஒண்ணா?" பெரியவளின் குரல் ஏறியது. "இடுப்புல தூக்கி வளத்தேன்டி உன்னை. நான் படிக்க வேண்டியதை விட்டுட்டு வளத்தேன்."

இத்தனை வருடத்தில் ஒருநாளும் சொல்லாத வார்த்தை. வாயை விட்டுப் போன பிறகுதான் அது எவ்வளவு கனம் என்று அவளுக்கே தெரிந்தது. சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, நேராகப் போய் மேலிடத்தில் சொல்லிவிட்டாள்.

அந்தப் பயிற்சியில் பெரியவள் தேறவில்லை. முதலிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும் என்று தகவல் வந்தது. மூத்த நர்ஸுக்கும் கண்டிப்பு கிடைத்தது.

அக்கா தங்கை பேச்சு நின்றது. இரண்டு தெரு தள்ளித்தான் சின்னவள் குடியிருந்தாள். ஆனாலும் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தையல்காரருக்குத்தான் போன் வரும். "உன் தங்கச்சி கேக்கறா, உனக்குக் காய்ச்சல் சரியாப் போச்சான்னு." "போச்சுன்னு சொல்லுங்க." "போச்சாம்மா." இப்படிச் சில வாரம் ஓடியதும் அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "நான் துணி தைக்கறவன். கிழிஞ்ச ரெண்டு பேரைத் தைக்க என்கிட்ட ஊசி இல்ல. நீங்களே பாத்துக்கங்க."

பெரியவள் படிப்பை விட்டுவிடுவதென்று முடிவு செய்து பல்கலைக்கழகத்துக்குப் போனாள். மாணவர்களின் பயிற்சியைக் கவனிக்கும் விரிவுரையாளர் ஒரு சின்ன அறையில் இருந்தார். நாற்காலியில் இருந்த காகிதக் கட்டுகளை இறக்கி வைத்து அவளை உட்காரச் சொன்னார்.

"விட்டுடறேன் மேடம். எனக்கு இது சரிப்படாது. வீட்டுக்குள்ளயே பகையாயிடுச்சு."

"சரி. விடறதுக்கு முன்னாடி, என்ன நடந்ததுன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. நான் அறிக்கையை மட்டும்தான் படிச்சேன்."

சொன்னாள். தங்கை எப்படித் தன்னைக் காட்டிக்கொடுத்தாள் என்பதைத்தான் சொல்ல வந்தாள். ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும்போது, "அவர் தூக்கத்துல கையை நீட்டினார், நான் குடுத்தேன், அவ மட்டும் வரலைன்னா அவர் அப்படியே வாயில..." என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். யாரென்றே கேட்காமல் நீட்டிய கை அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவளை நம்பித்தானே அந்த மனிதர் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டினார்?

"நான் விடலை மேடம்" என்றாள் பெரியவள். "திரும்பச் செய்யறேன். எப்ப, எங்கன்னு சொல்லுங்க."

"வாரத்துல ரெண்டு நாளாப் பிரிச்சுத் தரலாம். ஆனா இந்தத் தவணைக்கு அதே வார்டுதான் காலியா இருக்கு. வேற இடம் வேணும்னா அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணுமில்ல. அதே வார்டு."

இனி டிப்போவில் வேலை நேரத்தை மாற்றிக் கேட்க வேண்டும். டிப்போ கண்காணிப்பாளர் கேட்டதும் கையை விரித்தார். "உனக்காக ஒரு நேரம், இன்னொருத்தருக்காக ஒரு நேரம்னு போட இது என்ன நம்ம வீட்டுக் காரா? ஆள் மாத்திவிட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆளை நீயே பிடி."

அவள் பிடித்தாள். டிப்போவில் எல்லாரும் கும்பிடு போட்டு ஓடும் ஒரு தடம் உண்டு, மொத்த விலைச் சந்தைக்குப் போவது. மூட்டையும் கூடையும் ஏறி, ஆள் ஏற இடமிருக்காது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சண்டை. அதை ஓட்டிக்கொண்டிருந்த இருவரிடம் போய், "அந்த ரூட்டை நான் எடுத்துக்கறேன். பதிலுக்கு எனக்கு ரெண்டு நாள் குடுங்க" என்றாள்.

"அக்கா, நிதானமாத்தான் பேசறீங்களா?" என்றான் ஒருவன். மற்றவன் அவள் மனசு மாறுவதற்குள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டான்.

தவணை தொடங்கியது. வாரத்தில் மற்ற நாளெல்லாம் சந்தையில் தொண்டை கிழியக் கத்தி வண்டியை நகர்த்தினாள். இரண்டு நாள் வார்டில் குரலைத் தாழ்த்தி நடந்தாள். சின்னவளை அங்கே சிஸ்டர் என்றே கூப்பிட்டாள், கேலியில்லாமல். சின்னவளும் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. மற்ற மாணவிகளை எப்படி நடத்தினாளோ அப்படியே, நூல் பிசகாமல்.

ஓய்வு பெற்ற பள்ளி வாத்தியார் ஒருவர் அப்போது அங்கே இருந்தார். ஒவ்வொரு முறை மாத்திரை கொடுக்கும்போதும் பெரியவள் பெயரும் பிறந்த தேதியும் கேட்பதைப் பார்த்து அவருக்குப் பொறுமை போயிற்று.

"காலையிலயும் நீதானேம்மா கேட்ட? மத்தியானத்துக்குள்ள எனக்குப் பேர் மாறிடுமா?"

"உங்க பேர் மாறாது ஐயா. தப்பு பண்ணக்கூடியவ நான்தான். எனக்காகச் சொல்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே சொன்னார்.

மதிப்பிடும் நாள் வந்தது. இந்தத் தடவை மதிப்பெண் போட வேறு மருத்துவமனையிலிருந்து வந்திருந்த நர்ஸம்மா, சிரிக்கவே தெரியாத முகத்தோடு இரண்டடி தள்ளி நின்றார். பெரியவள் வாத்தியாரின் பட்டையைப் பார்த்து, பெயரைக் கேட்டு, மாத்திரையை எடுத்த நேரத்தில், எதிர்க்கட்டிலில் அறுவை முடிந்து படுத்திருந்தவர் யாரையும் கூப்பிடாமல் காலைக் கீழே வைத்து எழப் பார்த்தார். பெரியவள் மாத்திரையை வண்டியில் வைத்துப் பூட்டினாள். இரண்டே எட்டில் போய் அவர் தோளைத் தாங்கி, மெல்ல உட்கார வைத்து, தலை சுற்றுகிறதா என்று விசாரித்து, உதவிக்கு ஆளைக் கூப்பிட்டு ஒப்படைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"விட்ட இடத்துலேர்ந்து தொடரலாமே" என்றார் மதிப்பிட வந்தவர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"இல்லைங்க மேடம். முதல்லேர்ந்து பாத்துடறேன்." வாத்தியார் பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்க பேரு?"

வாத்தியார் பெருமூச்சு விட்டார். ஆனால் இந்தத் தடவை திட்டவில்லை. வகுப்பில் ஆஜர் சொல்லும் பையனைப் போல எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

தேறிவிட்டாள். மதிப்பிட்ட அம்மா அப்போதும் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஒரு முறை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் சின்னவள் வீட்டுக்கு வந்தாள். முன்னறையில் தையல்காரர் வேண்டுமென்றே மெஷினை வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அக்காவும் தங்கையும் சமையலறையில் எதிரெதிரே நின்றார்கள்.

"அன்னைக்கு ஒண்ணு சொன்னேன் பாரு," என்றாள் பெரியவள். "வளத்தேன்னு. அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

"ஏன், பொய்யா? வளத்தேதானே?"

"வளத்ததுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிடுச்சு. அதான்."

சின்னவள் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டாள். "நான் அன்னைக்கு மேல சொல்லிட்டு, படிக்கட்டுல உக்காந்து அழுதேன்க்கா. நீ படிப்பை விட்டுடுவேன்னு நெனச்சேன். விட்டிருந்தா நான் என்னை மன்னிச்சிருக்கவே மாட்டேன். ஆனா திரும்ப நடந்தாலும் சொல்லத்தான் செய்வேன்."

"சொல்லணும். எனக்கு அப்ப கோபம்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். உன் மூஞ்சியைப் பாத்தாலே எரிஞ்சுது. இப்ப இல்ல." பெரியவள் அவள் கையில் ஒரு தட்டைக் கொடுத்தாள். "சாப்பிடு. எலும்பும் தோலுமா இருக்க."

மூன்று பேருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தையல்காரர், தானும் தேறியதாகத்தான் கணக்கு என்று வாதாடினார். அடுத்த பயிற்சி எந்த வார்டில் என்று சின்னவள் கேட்டாள். குழந்தைகள் வார்டு என்றாள் பெரியவள்.

"நல்லது. எனக்குக் கொஞ்ச நாள் நிம்மதி."

"ரொம்ப நாளைக்கு இல்ல. இன்னும் ரெண்டு வருஷம். பட்டம் வாங்கினதும் உன் வார்டுக்கே வேலைக்கு வருவேன். எழுதி வச்சுக்க."

"வா. ஆனா லீவு கேட்டு வந்து நிக்காத, தர மாட்டேன்."

"கேட்டாத்தானே" என்று பெரியவள் எழுந்து கையைக் கழுவினாள். சிறுநீரகத்தைப் பற்றிய பாடம் பாதியில் நின்றிருந்தது. பரிட்சைக்கு அதிக நாள் இல்லை. முன்னறைக்குப் போய், பாடத்தை ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.