சகுந்தலா டீச்சர் எழுதிய இரண்டாவது வரி

சகுந்தலாவின் கணவர் அந்தப் பஸ்ஸில் ஒரு கேள்வி கேட்டார். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

1999, பொங்கல் முடிந்த வாரம். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிலர் குடும்பத்தோடு இரண்டு நாள் டூர் கிளம்பியிருந்தார்கள். செங்கல்பட்டில் சதாசிவம் என்பவர் நடத்தும் டிராவல்ஸ். முதல் நாள் செங்கல்பட்டுக் கோட்டை, திருப்போரூர் பக்கம் ஒரு பூந்தோட்டம், முட்டுக்காட்டில் படகு, மாமல்லபுரத்தில் தங்கல். மறுநாள் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, மீனவர் குப்பங்கள், கடைசியாக ஆலம்பரைக் கோட்டை. கூடவே வந்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல ரூத் என்று ஒரு பெண். இருபத்தெட்டு வயதிருக்கும். சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்து ஊர்.

சகுந்தலா முப்பத்திரண்டு வருஷம் சரித்திரம் சொல்லிக் கொடுத்த டீச்சர். நரசிம்மனோடு வாழ்ந்ததும் ஏறக்குறைய அத்தனை வருஷம். வீட்டில் அவள் என்ன சொன்னாலும் அவர் "உம்" என்பார். பேப்பரில் படித்ததைச் சொன்னாலும் உம், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொன்னாலும் உம். கடைசி நாலைந்து வருஷமாக அந்த உம்மும் குறைந்துவிட்டது. ஓய்வு பெற்ற ஆண்கள் இப்படித்தான் என்று அவள் மனசைத் தேற்றி வைத்திருந்தாள்.

பஸ் கொளவாய் ஏரியை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. ரூத் டிரைவர் முத்துசாமிக்குப் பின்னால் மைக்கைப் பிடித்து நின்றபடி, கோட்டையை பிரெஞ்சுக்காரன் பிடித்ததையும் கிளைவ் பீரங்கி கொண்டுவந்து மீட்டதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த நரசிம்மன் திடீரென்று கையை உயர்த்தினார்.

"பீரங்கிய எந்தப் பக்கமா கொண்டு வந்தாங்கம்மா? இந்தப் பக்கம் ஏரியாச்சே?"

ரூத்தின் முகம் மலர்ந்தது. "நல்லா கேட்டீங்க சார். அதான் விஷயமே" என்று ஆரம்பித்தாள். அவர் முன்னால் குனிந்து, வாயை லேசாகத் திறந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். அந்த முகத்தை சகுந்தலா கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் பார்த்ததில்லை.

இதே கதையை அவளே அவருக்குச் சொல்லியிருக்கிறாள். போன வருஷம், இதே ஏரிக்கரையில், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு. அன்றைக்கு உம்கூட வரவில்லை.

பூந்தோட்டத்தில் இன்னும் மோசமாகப் போயிற்று. கூட்டம் ரோஜாப் பாத்திகளுக்குள் பரவியதும் ரூத் நேராக நரசிம்மனிடம் வந்தாள். அவர் சட்டைக் கையைத் தொட்டுத் திருப்பினாள். முகத்துக்கு நேரே நின்று, ஒட்டுச் செடியில் எந்த இடத்தில் முளைக்கண்ணை வைத்துக் கட்டுவார்கள் என்று காட்டினாள். அவர் எதையோ சொல்ல, அவள் சிரித்தாள். பிறகு அவருடைய இடது தோளருகே குனிந்து ஏதோ சொன்னாள். அவரும் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

செம்பருத்திப் பாத்திக்கு இந்தப் பக்கம் நின்று சகுந்தலா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐம்பத்தேழு வயதில் இது என்ன கேவலம் என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். திட்டியும் கண் அங்கிருந்து நகரவில்லை. அந்தப் பெண்ணின் மாநிற முகம், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, தேய்ந்த செருப்பு. அழகி என்று சொல்ல முடியாது. அழகியாக இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. அழகுக்கு மயங்கினார் என்று விட்டுவிடலாம். இவர் மயங்கியது பேச்சுக்கு. பேச்சு என்பது சகுந்தலாவின் சொத்து.

மறுநாள் சதுரங்கப்பட்டினத்தில் அவள் பொறுக்கவில்லை. டச்சுக்காரர்களின் கல்லறைகளைக் காட்டி ரூத் ஒரு வருஷத்தைச் சொன்னபோது, "அது தப்பு" என்று சத்தமாகச் சொல்லி, சரியான வருஷத்தையும் சொன்னாள். எல்லோரும் திரும்பினார்கள். ரூத் கல்லறைக் கல்லின் மேல் விரல் வைத்து எண்ணை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"ஆமா மேடம். நீங்க சொன்னதுதான் சரி. தேஞ்சு போயிருக்குது, நான் மாத்திப் படிச்சிட்டேன். ரொம்ப தேங்க்ஸ்."

ஜெயித்தது சகுந்தலாதான். ஆனால் கூட்டம் ரூத்தைத்தான் மெச்சுதலாகப் பார்த்தது. நரசிம்மனும்.

ஆலம்பரையில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இடிந்த மதிலுக்கு அந்தப் பக்கம் கழிமுகம் தகடு மாதிரிக் கிடந்தது. ரூத் ஒரு செங்கல் குவியல் மேல் ஏறி நின்றாள்.

"நவாப்பு கட்டினது, பிரெஞ்சுக்காரன்கிட்ட போனது, இங்கிலீஷ்காரன் இடிச்சது, எல்லாம் சொல்லிட்டேன். இன்னொண்ணு சொல்றேன். எங்க தாத்தா காலம் வரைக்கும் எங்க ஆளுங்க அடுத்தவங்க நெலத்துலதான் வேலை செஞ்சாங்க. அவங்க நடவு நடும்போது ஒரு கதை சொல்வாங்க. இந்த மதிலுக்கு சுண்ணாம்பு சுமந்தது நம்ம ஆளுங்கதான், சுமந்து சுமந்து தலைமுடியே வெந்துபோச்சாம், அதனாலதான்..."

"ஆதாரம் இருக்கா?" என்றாள் சகுந்தலா.

ரூத் நிறுத்தினாள்.

"கதைய வரலாறுன்னு சொல்லக் கூடாது. ஆதாரம் என்ன? கல்வெட்டு இருக்கா? ஏடு இருக்கா?"

"இல்ல மேடம். எங்க ஆளுங்கள யாரும் எழுதி வெக்கல" என்றாள் ரூத். குரல் உயரவில்லை. "கதைன்னுதான் சொன்னேன்."

அப்போதுதான், ரூத்துக்கு நேர் எதிரில் நின்றிருந்த நரசிம்மன் முப்பது பேர் முன்னால் திரும்பிச் சொன்னார். "சகுந்தலா, நீ கொஞ்சம் சும்மா இரேன். அந்தப் பொண்ணு சொல்றத கேக்க விடு."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். சகுந்தலா மதில் நிழலுக்கு நகர்ந்து போய் நின்றுகொண்டாள். அங்கிருந்தே மீதிக் கதையைக் கேட்டாள். நல்ல கதை. அதுதான் இன்னும் எரிந்தது.

திரும்பும் வழியில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். பயணம் எப்படி இருந்தது, கருத்து எழுதுங்கள். பெயர் விருப்பம் இருந்தால் போடலாம். நரசிம்மன் ஜன்னலோரம் தூங்கிப் போயிருந்தார். சகுந்தலா தாளைத் தொடையில் வைத்து, தன் அழகான கையெழுத்தைக் கொஞ்சம் சாய்த்து மாற்றி, இரண்டு வரி எழுதினாள்.

முதல் வரி: வழிகாட்டி ஆதாரமில்லாத கதைகளை வரலாறு என்று சொல்கிறார்.

இரண்டாவது வரி: ஆண் பயணிகளிடம் அளவு மீறித் தொட்டுப் பழகுகிறார்.

பெயர் போடவில்லை. நாலாக மடித்து, செங்கல்பட்டில் இறங்கும்போது பஸ் வாசலில் வைத்திருந்த கருத்துப் பெட்டியில் போட்டாள். அன்றைக்கு நன்றாகவே தூங்கினாள்.

மூன்று வாரம் கழித்து நரசிம்மன் அடுத்த டூருக்குப் பெயர் கொடுக்கப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். சகுந்தலா அடுப்படியில் முதுகைக் காட்டி நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ண பஸ்லேர்ந்து எடுத்துட்டாங்களாம்" என்றார். "யாரோ மொட்டைத் தாள்ல எழுதிப் போட்டுட்டாங்களாம். ஆபீஸ்ல டிக்கெட் எழுத உக்கார வெச்சிருக்காங்க. பாவம், என்னைப் பார்த்ததும் தலையக் குனிஞ்சிக்கிட்டா."

கத்தி நின்றது. பிறகு இன்னும் வேகமாக ஓடியது.

"அவ போனா உங்களுக்கென்ன?" என்றாள் திரும்பாமலேயே. "அவ சொன்னா கதை, நான் சொன்னா இரைச்சலா? முப்பது வருஷமா இந்தச் சுவருக்கும் உங்களுக்கும் நடுவுல நின்னு பேசறேன். சுவராவது எதிரொலிக்குது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் பேச்சுக்கு அப்படி வாயத் திறந்து உக்காந்திருக்கீங்களா?"

அவள் திரும்பினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து டூர் நோட்டீசைப் படித்துக்கொண்டிருந்தார்.

"காதுல விழுதா இல்லையா?" என்று கத்தினாள்.

அவர் நிமிர்ந்தார். அவள் வாயையே பார்த்தார். நோட்டீசை மெதுவாக மடித்தார்.

"விழல, சகுந்தலா."

"என்ன?"

"நாலு வருஷமா சரியா விழல. எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது. நீ எதிர்ல நின்னா பாதி புரியும். முதுகு காட்டினா ஒண்ணும் இல்ல. செவிடன்னு பேர் வாங்க இஷ்டமில்லாம உம் உம்முனு ஓட்டிட்டேன். அப்புறம் எங்க உம் போடணும்னே தெரியல. பஸ்ல அந்த மைக் பொட்டி என் தலைக்கு மேல இருந்தது. எல்லா வார்த்தையும் விழுந்தது. எத்தனை நாளாச்சு தெரியுமா, முழுசா ஒரு கதை கேட்டு?"

சகுந்தலா கத்தியை மேடையில் வைத்தாள்.

"அந்தப் பொண்ணு மொதல் நாளே கண்டுபிடிச்சிட்டா. பூந்தோட்டத்துல வந்து, சார், உங்களுக்கு எந்தக் காது நல்லா கேக்கும்னு கேட்டா. யார்கிட்டயும் சொல்லாதம்மான்னேன். சிரிச்சா. அப்புறம் சட்டையத் தொட்டு, நான் திரும்பின பிறகுதான் பேசினா."

நாலு வருஷம் பக்கத்தில் படுத்து எழுந்தவளுக்குத் தெரியாதது, அரை நாளில் ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நிமிஷம் சகுந்தலா உணர்ந்தது வெட்கம் மட்டும் அல்ல. அதற்குள்ளும் பொறாமை கூசாமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் டிராவல்ஸ் ஆபீசில் இருந்தாள். மூலை மேஜையில் ரூத் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தாள். சகுந்தலா உட்காரவில்லை. நின்றபடியே முதலாளி சதாசிவத்திடம், "அந்தத் தாளை எழுதினது நான். ரெண்டாவது வரி பொய்" என்றாள். கணவரின் காதைப் பற்றியும் சொன்னாள். ரகசியம் என்று பார்க்கும் நிலையில் அவள் இல்லை.

சதாசிவம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "படிச்சவங்க மேடம் நீங்க" என்றார்.

ரூத் எழுந்து வந்தாள். மைக்கில் பேசும் பக்குவமான தமிழ் அவளிடம் அப்போது இல்லை.

"இன்னா மேடம், நான் உங்களுக்கு இன்னா செஞ்சேன்? எங்க வூட்டுக்காரரு ஜெரோம் காதுக்கு இது போயிருச்சு. இந்த ஆபீஸ்ல இருக்கிறவன் ஒருத்தன்தான் சொல்லிட்டான். மூணு வாரமா அவரு என் மூஞ்சப் பாத்து பேசல. தட்டுல சோறு வெச்சா எடுத்துக்கினு தின்னுட்டு போறாரு."

"நான் வந்து அவர்கிட்ட சொல்றேன்மா. இப்பவே வர்றேன்."

"வேணாம். நீங்க வந்து சொன்னா, பெரியம்மா பாவம் பாத்து சொல்லுதுன்னுவாரு. எழுதிக் குடுங்க. பொய்யி எழுத்துல கீது. நெசமும் எழுத்துல இருக்கட்டும். பேரு, அட்ரஸ், கையெழுத்து, எல்லாம் போட்டு."

சகுந்தலா எழுதினாள். ரூத் வாங்கிப் படித்தாள். ஒரு இடத்தில் விரல் வைத்தாள்.

"தவறாகப் புரிந்துகொண்டு எழுதிவிட்டேன்னு போட்டிருக்கீங்க. அப்படி இல்ல மேடம். நல்லா தெரிஞ்சேதான் எழுதினீங்க. மாத்துங்க."

எத்தனையோ பிள்ளைகளின் விடைத்தாளில் அடித்துத் திருத்திய கை. அது தன் வரியைத் தானே அடித்துவிட்டு, 'பொறாமையால் எழுதினேன்' என்று எழுதியது. ரூத் அதை ஊதிக் காயவைத்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"சாருக்கு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். "நீங்க மட்டும் என் பஸ்ல வராதீங்க. உங்களப் பாத்தா எனக்கு கதை வராது."

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். நரசிம்மன் வாசல் கிரில்லுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சகுந்தலா அவர் எதிரில் போய் நின்றாள்.

"அந்தத் தாளை எழுதினது நான்தான்."

"எந்த ஆளை?"

"தாளை! ரூத் மேல எழுதினது நான்!"

அவருக்கு இன்னும் எட்டவில்லை. அவள் மூச்சை இழுத்து, வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி கத்தினாள். "ரூத் மேல பொய்ப் புகார் எழுதினது நான்தாங்க!"

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்ட பெண் கையில் புடவையோடு நின்றுவிட்டாள். நரசிம்மன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

"ஏன்?"

அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. தெரு முழுக்கக் கேட்டது.

அவர் அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அந்த மௌனத்துக்கு இப்போது அர்த்தம் தெரிந்திருந்ததால், சகுந்தலா அதைக் குறைசொல்லாமல் வாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீயும் வா. டாக்டர் கேக்கிறது எனக்கு விழாது" என்றார்.

ரூத் பிப்ரவரி கடைசியில் பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டாள் என்று டிரைவர் முத்துசாமி கடைத்தெருவில் சொன்னார். ஜெரோம் பேசத் தொடங்கினானா என்று சகுந்தலா கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மார்ச் மாதம் நரசிம்மன் மட்டும் தனியாக ரூத்தின் டூருக்குப் போனார். வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்த சகுந்தலா, அன்று இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள். இப்போது எந்தக் கோட்டையில் இருப்பார்கள், அவள் எந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். நெஞ்சில் பழைய எரிச்சல் ஒரு பொறியாகக் கிளம்பியது. எழுந்து போய்ச் சாதத்துக்கு உலை வைத்தாள்.

சாயங்காலம் அவர் வந்து, கால் கழுவி, அவளைத் தனக்குக் காது கேட்கும் இடது பக்கம் உட்காரச் சொல்லி, கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தார். ஒரு இடத்தில் வருஷம் தப்பாக வந்தது. சகுந்தலா "உம்" என்றாள்.